நாலாயிரத்து இருநூறு கிலோமீற்றரில் கறுத்த ஒயில்

1

இந்தக் கதை என் காரிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார் புதிது. நாலாயிரத்து இருநூறு கிலோமீற்றர் ஓடியிருந்தது. ஒரு காலை பொனற்றைத் திறந்து, ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் கறுத்திருந்தது. வெயிலில் பிடித்தபோது உள்ளே மிக நுண்ணிய மினுக்கம். எஞ்சின் தன்னைத்தானே தின்கிறது என்று நினைத்தேன். அன்று முழுதும் வேறு எதையும் நினைக்கவில்லை.

நல்ல பயம்தான். கதைக்குப் போதாது. நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன். என் கார் நின்றால் வேறு எதுவும் நிற்காது. மீன் வாங்க நடந்து போவேன்.

ஆகவே காரை ஸஹ்ராவிடம் கொடுத்தேன்.

2

தொடக்கங்கள்.

(அ) "ஸஹ்ரா பொனற்றைத் திறந்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது." கப்பலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. வெட்டினேன்.

(ஆ) "ஒயில் என்பது எஞ்சினின் இரத்தம் என்று" – எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதோடு ஸஹ்ரா உண்மையான இரத்தம் பார்க்கிறவள். அவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

(இ) ஸஹ்ராவுக்கு முப்பத்தெட்டு வயது. திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக வேலை. இப்போது புல்மோட்டையில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக அவளைப் போட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்கவேண்டும். போகாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

இது தொடக்கம் அல்ல, விபரம். ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.

3

புல்மோட்டை ஐம்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸில் என்றால் இருட்டோடு போய் இருட்டோடு திரும்பவேண்டும். மகள் றுமானாவுக்கு ஆறு வயது. விழித்திருக்கும் றுமானாவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்க்கலாம். காரில் என்றால் மாலை ஐந்தரைக்கு வீடு. ஸஹ்ராவுக்குக் கார் வேண்டியது இதற்குத்தான்.

கார் உப்புவெளி வீரசிங்கத்துடையது. சின்ன வெள்ளைக் கார். வாங்கி ஆறு மாதம். பத்திரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு திறப்பை மட்டும் கொடுத்தார்.

"ஒரு கிழமை ஓடிப் பாருங்கோ பிள்ளை. பிடிச்சா ஞாயிற்றுக்கிழமை எழுதுவம். பிடிக்காட்டிக் கொண்டந்து விடுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"ஏன் ஐயா விக்கிறீங்க?"

"சும்மா. எங்களுக்கு இனி என்ன ஓட்டம்."

ஆறு மாதத்தில் ஒருவர் புதுக் காரை ஏன் விற்கிறார்? எழுதிப் பார்த்தேன். [கனடாவிலிருந்து மகன் போன் எடுத்து] இல்லை. [ஒரு விபத்து. பூச்சு பூசி மறைத்து] அது வேறு கதை. கடைசியில் அவருடைய "சும்மா"வையே விட்டுவைத்தேன். ஸஹ்ராவும் விட்டுவைத்தாள். அவளுக்கு அது கவனக்குறைவு. எனக்கு வசதி.

4

செவ்வாய் மாலை அவள் கம்பியை இழுத்தாள். கறுப்பு. காரின் பின்பெட்டியில் ஒரு பழந்துணி மடித்துக் கிடந்தது. அதில் கம்பியைத் துடைத்தாள். திரும்ப உள்ளே விட்டு இழுத்தாள். நுனியில் நின்றதை ஒரு வெறும் மருந்துப் போத்தலில் வழித்தாள். இப்படிப் பல முறை.

கணவன் இன்பாஸ் வாசற்படியில் நின்று பார்த்தான். அவனுக்கு ஐஸ் ஆலையில் வேலை.

"என்ன, காருக்குச் சீனி பாக்கப் போறியா?"

"வாய மூடுங்க."

"ரிப்போட் எத்தின மணிக்கு எண்டு காருக்குச் சொல்லிரு. பாவம், பாத்துக்கிட்டு நிக்கும்."

அடுத்த நாள் போத்தலோடு றம்ஸானின் கராஜுக்குப் போனாள். றம்ஸானிடம் ஒரு வழக்கம் உண்டு. நாட்காட்டித் தாளைக் கிழித்தால் எறிவதில்லை. வருகிற ஒவ்வொரு காரின் ஒயிலிலும் ஒரு துளியை அன்றைய தாளின் பின்பக்கம் விடுவார். காரின் இலக்கத்தை எழுதி ஆணியில் குத்துவார். தேதி முன்பக்கம் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது.

துளி பரவி வளையமாகும் வரை பார்த்திருந்தார்.

"வளையம் நல்லாத்தான் இரிக்கி. கறுப்புக்குப் பயப்படாதீங்க மிஸ். இந்தக் காலத்து எஞ்சின் ரெண்டாயிரத்திலயே கறுத்திரும்."

பிறகு, பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத் துண்டைக் கம்பியில் கட்டிப் போத்தலுக்குள் இறக்கினார். வெளியே எடுத்தபோது காந்தத்துக்குக் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது.

றம்ஸானின் சிரிப்பு நின்றது.

"நாலாயிரத்துக்கு இது கூட."

"எவ்வளவு கூட?"

"கழட்டிப் பாக்காமச் சொல்ல ஏலாது. உள்ளுக்க ஏதோ தேயுது. ஆரிட்ட எடுத்த?"

"உப்புவெளியில. வீரசிங்கம் ஐயா."

"திருப்பிக் குடுங்க. ஒரு கிழமைத் தவணைதானே. கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லுங்க."

5

இங்கே கதையை நிறுத்தி வைத்தேன். மூன்று நாள்.

வீரசிங்கத்தைத்தான் நம்ப முடியவில்லை. ஏமாற்றுக்காரர் என்றால் கதை சின்னதாகிவிடுகிறது. நல்லவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அறுபத்தாறு வயது. சட்டைப் பையில் எப்போதும் பேனை. இவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது.

றம்ஸானும் சிக்கல். அவர் பிழை விடவேண்டும். ஆனால் வேலை தெரியாதவராக இருக்கக்கூடாது.

(என் காரைப் பார்த்த உண்மையான மெக்கானிக் சொன்னது: புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசித்தான் படியும். முதல் ஒயிலில் அந்த நுண்ணிய மினுக்கம் இருக்கும். ஒயிலை மாற்று, வீட்டுக்குப் போ. சரியான விடை. கதையைக் கொல்லும் விடை. நான் ஒயிலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஸஹ்ராவைத் தொடர்ந்தேன்.)

6

வியாழன் மதியம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸஹ்ரா கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ஒயிலை வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாள்.

எஞ்சினில் தேய்ந்து விழும் உலோகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் பிய்ந்து விழுந்த எதற்கும் கிழிந்த விளிம்பு இருக்கும் என்று தெரியும். இவற்றுக்கு இல்லை. உருண்டிருந்தன. அநேகமாகக் கறுப்பு. ஒன்றிரண்டு சிவப்பு. விளக்கைக் கூட்டினாள். சிவப்புத் துகளுக்குள்ளால் வெளிச்சம் வந்தது.

உலோகத்துக்குள்ளால் வெளிச்சம் வராது.

பின்பெட்டித் துணியைக் கொண்டுவந்து வெள்ளைத் தாளின்மேல் உதறினாள். கறுப்பாக விழுந்தது. இன்பாஸுக்குப் போன் எடுத்தாள்.

"அது இரும்பில்ல. மண். புல்மோட்டைக் கறுப்பு மண்."

"எஞ்சினுக்குள்ள மண் எண்டா நல்லமா, கூடாதா?"

"கூடாது."

"அப்ப என்னத்துக்குச் சந்தோசமாச் சொல்ற?"

புல்மோட்டைக் கடற்கரையில் மண் கறுப்பு. தோண்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். காந்தத்தில் ஒட்டும். இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். றம்ஸானுக்கும் தெரியும். ஆனால் ஒயிலில் கண்டால் யாருக்கும் கடற்கரை நினைவுக்கு வராது.

ஸஹ்ரா, பெயர் ஒட்டாத போத்தல் வந்தாலே திருப்பி அனுப்புகிறவள். அவளே மண் பிடித்த துணியால் கம்பியைத் துடைத்து மாதிரி எடுத்திருக்கிறாள். இந்தப் பிழையை நான் வேண்டுமென்றே அவளுக்குக் கொடுத்தேன். அவள் என்னை மன்னிக்கவில்லை. அன்று மாலை போத்தலைத் தானே கழுவினாள், மூன்று தரம்.

கேள்வி இப்போது இதுதான்: மண் துணியில் மட்டுமா, எஞ்சினுக்குள்ளுமா?

7

வெள்ளி பின்னேரம் உப்புவெளிக்குப் போனாள். துணியை நீட்டினாள்.

வீரசிங்கம் வாங்கித் தடவிப் பார்த்தார். "என்ரை துணிதான். புல்மோட்டையில மண் வேலைத்தலத்தில முப்பது வருசம் இருந்தனான். அங்க கட்டின சாரம். கிழிச்சு வைச்சிருக்கிறன். நல்லாத் துடைக்கும்."

"இதாலயா ஒயில் பாக்கிற நீங்க?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அவருடைய மனைவி வள்ளிநாயகி குசினிக் கதவில் நின்றாள். "அந்தக் கம்பிய இழுக்காட்டி இவருக்குச் சோறு இறங்காது. பொம்பிளை பாக்க வரேக்க என்னைக்கூட இவ்வளவு வடிவாப் பாக்கேல்லை."

"ஒவ்வொரு நாளும் பாத்தும் மண் தெரியல்லியா ஐயா?"

அவர் காரிடம் போனார். பொனற்றைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். பார்க்கவில்லை. விரல்கள் தடவித் தடவிக் கம்பியின் மஞ்சள் வளையத்தைக் கண்டுபிடித்தன. இழுத்து, முகத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய், பிறகு மூக்கருகில் பிடித்தார்.

"மணத்தில சொல்லுவன்" என்றார்.

ஸஹ்ரா வள்ளிநாயகியைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா மோசம்" என்றாள் வள்ளிநாயகி. "கோயில் மதில்ல கொண்டுபோய் இடிக்கப் பாத்தவர். நான்தான் திறப்பைப் பறிச்சனான். கண் தெரியேல்லை எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு எனக்குக் கட்டளை. பெரிய ஆம்பிளை."

வீரசிங்கம் கம்பியைத் திரும்பச் செருகினார். முதல் தடவை துளை அகப்படவில்லை.

"உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும் பிள்ளை. பிழை என்ரை. காரை விட்டிட்டுப் போங்கோ."

(அவர் ஏன் விற்கிறார் என்று எனக்கு இதுவரை தெரியாது. அவர் கை வளையத்தைத் தேடிய வரியை எழுதும்போதுதான் தெரிந்தது. மூன்றாம் பகுதிக்குப் போய்த் திருத்தலாம். திருத்தவில்லை.)

"டொக்டரிட்டக் காட்டின நீங்களா?" என்று கேட்டாள் ஸஹ்ரா.

"என்னத்துக்கு? வயசு."

"வயசுக்கும் மருந்திரிக்கி ஐயா. முதல்ல சீனி பாருங்க. பிறகு கண் கிளினிக். அங்க என்ட சிநேகிதி இரிக்கா, நான் சொல்றன்."

"அப்ப கார்?"

"இன்னும் தெரியா" என்றாள். காரை விட்டுவிட்டுப் போகவில்லை.

8

சனிக்கிழமை றம்ஸானின் கராஜ். இன்பாஸும் கூட வந்திருந்தான். ஒயில் முழுவதையும் வெள்ளைத் துணியில் வடித்துப் பார்ப்பது என்பது ஸஹ்ராவின் யோசனை. துணி புதியது. கடையிலிருந்து அவளே பிரிக்காமல் கொண்டுவந்தாள்.

"நம்மட புல்மோட்டை மண்ணா?" றம்ஸான் தலையில் கைவைத்தார். "யா அல்லாஹ், நான் எஞ்சின் தேயுதெண்டு சொல்லிட்டனே."

"சாம்பிள் பிழையா எடுத்தது நான்."

"சரி, ஆளுக்குப் பாதி."

ஒயில் துணியில் இறங்கத் தொடங்கியது. மெதுவாக இறங்கும். அதற்குள் மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: துணியில் மண் இல்லை. புது எஞ்சினின் சாம்பல் மினுக்கம் மட்டும். எல்லாரும் தேநீர் குடிக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டு: ஒரு பிடி மண். ஸஹ்ரா காரைத் திருப்பிக் கொடுக்கிறாள். அடுத்த பெயர் புல்மோட்டைக்குப் போகிறது. ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன். இரக்கத்தால் அல்ல. ஒரு கம்பியால் ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோக முடியாது.

மூன்று: ஏழு துகள்.

மூன்றாவதை நம்புகிறேன். ஸஹ்ரா ஊசி நுனியால் எண்ணினாள். ஏழு. மற்றதெல்லாம் சாம்பல் மினுக்கம். றம்ஸான் விரலில் எடுத்து வெயிலில் பார்த்தார். "செம்பு நிறம் ஒண்டுமில்ல. அது இரிந்தாத்தான் பயம்."

"ஏழு எண்டா?" என்று ஸஹ்ரா கேட்டாள்.

"மிச்சத்த ஒயில் வடிக்கிற பில்டர் பிடிச்சிரிக்கும். உள்ளுக்க ஒரு கீறல் இரிக்கலாம். இல்லாமலும் இரிக்கலாம். புது ஒயில், புது பில்டர் போடுறன். ஐநூறு ஓடிட்டு வாங்க, திரும்ப வடிச்சுப் பாப்பம். அப்பதான் சொல்ல ஏலும்."

ஐநூறு கிலோமீற்றர் என்பது புல்மோட்டைக்கு ஒரு கிழமைப் போக்குவரத்து. நாளை ஞாயிறு. வீரசிங்கத்துக்கு நாளை பதில் சொல்லவேண்டும்.

"அப்ப என்ன சொல்ற?" என்று இன்பாஸ் கேட்டான். இந்தமுறை பகிடி இல்லை.

ஸஹ்ரா துணியையே பார்த்தாள். நான் அவளுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதி வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"ஒரு ரிப்போட்ட வெச்சு நான் ஒருத்தருக்கும் முடிவு சொன்னதில்ல. திரும்ப எடுத்துத்தான் சொல்ற."

"அப்ப கார எடுக்கிறமா?"

"எடுக்கிறம். ஏழு எண்டு தெரிஞ்சுதான் எடுக்கிறம்."

"நடு ரோட்டில நிண்டா?"

"இறங்கி பஸ் ஏறுவன். திங்கட்கிழமை நான் அங்க."

ஞாயிறு காலை பத்திரத்தில் வீரசிங்கம் கையெழுத்து வைத்தார். வள்ளிநாயகி விரல் வைத்துக் காட்டிய இடத்தில்.

9

ஐநூறாவது கிலோமீற்றரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது என் விருப்பமாக இருக்கும். றம்ஸானின் துணி என் விருப்பத்தைக் கேட்காது.

புல்மோட்டை வீதியால் காலையில் போகிறவர் நீங்கள் என்றால், முடிவு உங்களிடம். ஏழு மணிக்கு முன்பின்னாக நிலாவெளியைத் தாண்டி ஒரு சின்ன வெள்ளைக் கார் வடக்கே போகும். அது உங்களை முந்திப் போனால் நல்லது. கதை முடிந்தது. வழிவிடுங்கள்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றால், நிறுத்துங்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்கவேண்டாம். அவளை ஏற்றிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு அவளுடைய ஆய்வுகூட வாசலில் ஆட்கள் சட்டைக் கையை மடித்தபடி வாங்கில் வந்து இருந்துவிடுவார்கள்.

கார் பிறகு வரட்டும்.