இரைச்சலில் உறங்கியவர்

...இடது பக்கம் சாய்ந்தால் கழுத்து இழுக்கிறது, வலது பக்கம் சாய்ந்தால் பக்கத்து சீட்டு நாகர்கோவில் நர்ஸ் பெண்ணின் தோள் இடிக்கிறது, மகள் அனிஷா வாங்கிவரச் சொன்ன லாடம் மாதிரித் தலையணையை எப்படித் திருப்பிப் போட்டாலும் யாரோ என் தாடையைப் பிடித்துத் தூக்குவது போலத்தான் இருக்கிறது. தோஹாவிலேர்ந்து பதினாறு மணி நேரம்மா, உறங்கலன்னா ஹூஸ்டன்ல எறங்கும்போது காலு வீங்கிரும் என்று வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பியிருந்தாள், காபி குடிக்காத, செருப்பைக் கழத்திரு, ஜன்னல் சீட்டு போட்டிருக்கேன் சுவர்ல சாஞ்சிக்க, காதுல பஞ்சை வச்சிக்க... எல்லாம் செய்தாயிற்று. வெளியே பட்டப்பகல், உள்ளே ஜன்னல்களை இறக்கி இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறார்கள். பதினான்கு மாதமாகக் கட்டிலில் வராதது இங்கே உட்கார்ந்தபடியா வரப்போகிறது?

அவர் இருந்தால் சிரித்திருப்பார். கப்பல் ஏற விமானத்தில்தான் போவார், பெல்ட்டைப் போட்டதுதான் தெரியும் எமில்டா, பொறவு அவங்க எழுப்பினாத்தான் என்பார். இருபத்தாறு வருஷம் கப்பல் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் ஆயிலராக இருந்தவர். எனக்கு உள்ளே சுருக்கென்னும், வீட்டை விட்டுப் போகும்போது மட்டும் இந்த மனுஷனுக்கு எப்படி உறக்கம் வருகிறது... லீவில் வந்தால் என் பக்கத்தில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பிறகு பக்கத்தில் கிடப்பதும் குறைந்தது, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடி ஐஸ் கம்பெனிக்குப் போய்விடுவார், அங்கே ஓயாமல் இரையும் கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் ஒரு நாடாக் கட்டில். தெருவே பார்த்தது. பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் குழாயடியில் வைத்துக் கேட்டாள், ஏளா, தேக்குக் கட்டில் இருக்க அண்ணன் எதுக்கு அங்கன போய்ப் படுக்காவ, நீ குறட்டை விடுதியோ? எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று அவரிடம் கேட்டேவிட்டேன், நான் பக்கத்துல இருந்தா பிடிக்கலையா? வீடு ரொம்ப அமைதியா இருக்குளா, என்னமோ மாதிரி இருக்கு என்றார். நம் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அமைதிதானே, இந்தா வச்சிக்கோ என்று அதன்பின் குசினியில் ஒரு கரண்டிச் சத்தம்கூட எழுப்பவில்லை.

ஐஸ் கம்பெனியில்தான் போனார், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சிலுவை உறக்கத்துலயே போயிட்டான், குடுத்துவச்ச சாவு என்றார்கள், சாமியாரும் கல்லறைத் தோட்டத்தில் அதையே சொன்னார். விசாச் சிக்கலில் வர முடியாத அனிஷா போனில் அதை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள், அப்பாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்லம்மா, உறக்கம்தானே... ஆமா மக்கா, உறக்கம்தான். எனக்குத்தான் ஆறவில்லை, கடைசி உறக்கத்தைக்கூட என் பக்கத்தில் உறங்கவில்லையே.

பஞ்சு காதை உறுத்துகிறது, பிடுங்கிப் பைக்குள் போடுகிறேன். ஒரே இரைச்சல், கன்னத்தைச் சுவரில் வைத்தால் பல்லெல்லாம் லேசாக அதிர்கிறது, இதில் எப்படித்தான்...

ஆன்ட்டி, ரெண்டு தடவை சாப்பாடு கொண்டுவந்தாவ, நீங்க அசையவே இல்ல என்கிறாள் நர்ஸ் பெண். ஏழு மணி நேரமாம். வாயோரம் எச்சில் காய்ந்திருக்கிறது, கன்னம் இன்னும் சுவரில், அந்த இரைச்சல் எலும்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது... இதுதானா? இதைத் தேடியா தலையணையோடு போனார்? அனிஷா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளிடம் சொல்வாரே, எஞ்சின் ஓடுத வரைக்கும் இடி விழுந்தாலும் கப்பல்ல ஒருத்தன் முழிக்க மாட்டான், நின்னுச்சுன்னா அம்புட்டு பேரும் எந்திரிச்சு உக்காந்துருவான், நின்னா ஏதோ ஆபத்துல்லா... அப்படியானால் வீட்டு அமைதியில் அந்த உடம்பு திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்ததா, நான் கோபத்தில் வீட்டை இன்னும் அமைதியாக்கினேனா. என்னைப் பிடிக்காமல் இல்லை. சொல்லத் தெரியாத மனுஷன், அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறேன், பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அழுவது சுகமாக இருக்கிறது, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்...

அப்புறம் அது ஞாபகம் வருகிறது. முப்பதாம் நாள் பூசைக்கு வந்த ஐஸ் கம்பெனி அண்ணாச்சி வாசலில் யாரிடமோ புலம்பினார், சிலுவை போன அன்னைக்குப் பாத்து ரெண்டு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடிச்சு அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணும் ஓடல, அம்புட்டு ஐஸும் தண்ணியாப் போச்சு. எனக்கு அது அப்போது வெறும் ஐஸ் கதை. உயிர் போனது மத்தியானம் மூன்றரை மணிக்கு இருக்கும் என்றார் டாக்டர். சத்தம் நின்றது இரண்டு மணிக்கு. நின்றால் அவர்... ஒன்றரை மணி நேரம். விழித்துக்கொண்டு கிடந்தாரா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரப் பார்த்தாரா, என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா? வீட்டிலும் கரண்ட் இல்லை, புழுக்கம் தாங்காமல் வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் ஐஸ் கம்பெனிக்கு முதுகைக் காட்டி.

இறங்க இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. அனிஷா கட்டிக்கொண்டு அழுவாள், போனில் கேட்டதை நேரில் ஒரு தடவை கேட்பாள், உறக்கம்தானேம்மா என்று. ஆமா என்று சொல்லிவிடலாம், வாய் சொல்லிவிடும், ஆனால் அவள் என் முகத்தையே பார்ப்பவள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்...