கண்ணில்லாத படங்கள்

ஈசாக் வரைந்த படங்களில் ஒருவருக்கும் கண் கிடையாது. மீன்கள் துடுப்புப் போடும். வலைக்குள் மனிதர்கள் துடிப்பார்கள். புளியமரத்தில் காயப்போட்ட கடல் தொங்கும். கிழிந்த பாய்த்துணியில் இதையெல்லாம் வரைந்துகொண்டிருந்த அந்த யூதரைப் பழவேற்காட்டுக் குப்பத்தில் கிறுக்கர் என்றார்கள். சோற்றை மட்டும் மறக்காமல் கொடுத்தார்கள். கோவாவில் பறங்கிப் பாதிரிகள் அவருடைய மனைவி ரெபேக்காவை, யூதர் முறைப்படி சாமி கும்பிட்ட குற்றத்துக்காகக் கம்பத்தில் கட்டி எரித்திருந்தார்கள். தப்பி வந்தவருக்கு ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெரிய தர்மம்தான்! அந்தக் கோட்டையிலிருந்துதான் ஆட்களைச் சங்கிலியில் பிணைத்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

கோட்டைத் தளபதி தன்னை வரையச் சொல்லியிருந்தான். ஈசாக் வரைந்தார்: பிளந்த மார்பு, அதற்குள் கருவாடு அடுக்கியதுபோல் மனிதர்கள். வழக்கம்போல் கண் இல்லை.

அந்தச் சமயத்தில் சிப்பாய்கள் வேலம்மாவின் புருஷன் மாரியை அடித்து இழுத்துப்போனார்கள். மறுநாள் காலை கப்பல். வேலம்மா ஈசாக்கின் குடிசைக்கு ஓடினாள். குப்பத்தில் அம்மன் சிலைக்குக் கண் எழுதித் திறக்கும்போது எதிரே யாரும் நிற்கமாட்டார்கள். முதல் பார்வை நெருப்பு. எல்லோரும் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

“நைனா, தளபதி எதிர்ல நிக்க சொல்லோ இந்தப் படத்துக்குக் கண்ணு தொற. அவன் எரிஞ்சு சாவட்டும். மாரி வந்துடுவான்.”

“இது வெறும் சாயந்தாம்மா.”

“உன் பொஞ்சாதி எரிய சொல்லோ நீ இன்னா பண்ணே?”

ஈசாக் படத்தின் கண்ணில்லாத முகத்தைத் தடவினார்.

“கண்ண மூடிக்கினேன்” என்றார். பிறகு தூரிகையைத் தேடி எடுத்தார்.

காலையில் கரையில் கம்பு நட்டுப் படத்தை விரித்துக் கட்டினார்கள். ஆள் ஏற்றுவதைப் பார்க்க வந்த தளபதி படத்தின் எதிரே வந்து நின்றான். மாரியையும் மற்றவர்களையும் உதைத்து உதைத்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஈசாக் தூரிகையைத் தூக்கியதும் குப்பமே திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டது.

ஓர் அலறல் கேட்டது.

“எரிஞ்சுட்டான்! எரிஞ்சுட்டான்!” வேலம்மா கைதட்டிக் குதித்தாள். எல்லோரும் கூச்சல் போட்டார்கள். மறுபடியும் அலறல். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பாவி ஜனங்கள், ஒருத்தராவது திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா!

சத்தம் அடங்கிய பிறகுதான் திரும்பினார்கள். தளபதி தன் வாளைப் படத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தான். ஈசாக்கின் வலது கை தூரிகையோடு மணலில் கிடந்தது. படத்தில், தளபதியின் முகத்தில், ஒரு பெண்ணின் கண்கள் அகலத் திறந்திருந்தன.

படகு முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தது. வேலம்மா தண்ணீருக்குள் ஓடினாள். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் முகத்தில் இடித்தான். பல் உடைந்து, ரத்தம் ஒழுக, தவழ்ந்து வந்து ஈசாக்கின் பக்கத்தில் விழுந்தாள். முந்தானையைக் கிழித்து அவருடைய வெட்டுப்பட்ட கையில் இறுக்கிக் கட்டினாள்.

“இந்தத் தபா நான் கண்ண மூடல, வேலம்மா” என்றார் ஈசாக். “மாரி உன்னியே பாத்துக்கினு போனான். நீ கைதட்ட சொல்லோ, உன் பேரத்தான் கூவிக்கினு இருந்தான்.”