இரண்டு நொடி பிந்திய நிலநடுக்கம்

வலது தோள் காதுக்கு மேலே ஏறி நின்று வலித்தது. நாற்பது நாளாகக் கடலுக்கடியிலிருந்து பெட்டி இழுக்கிறவனுக்கு அது அங்கேதான் நிற்கும்.

பெட்டிக்குள் டேப் ரெக்கார்டர். கடலின் அடித்தரை நடுங்கினால் பதியும். தூக்கியதும் அதன் கடிகாரத்தை ரேடியோ மணியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நான் பசியில் முதலில் சோறு தின்றேன். பதிவில் நிலநடுக்கம் இரண்டு நொடி பிந்திவிட்டது. அதனால் அது கடலில் விழாமல் பக்கத்து வீட்டு மிக்கேலம்மாளின் அடுப்படியில் விழுந்ததாகக் கணக்கு வந்தது.

வீடு விழாமல் நிற்பது குற்றம். வியாழக்கிழமை இடிப்பதாக ஆபீஸ் தாள் ஒட்டியது.

“வீடு நல்லாத்தானே இருக்கு சார்?”

“அதான் தப்பு,” என்றார் அதிகாரி பூவலிங்கம். “பதிவு சரி.”

“டேப் நீளும் சார். சுருங்கும்.”

“வீடு நீளாதுல்ல? அப்போ வீட்டைத்தான் திருத்தணும்.”

நான் விடுவதாக இல்லை. டேப்பில் நடுக்கத்துக்குப் பக்கத்திலேயே நொடியையும் பதிய வேண்டும். டேப் நீண்டால் நொடியும் கூடவே நீளும். எண்ணினால் போதும். பிசகாத நொடி கேட்டு மனுக் கொடுத்தேன். கடலுக்கடியில் நேரம் ஒதுக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

மிக்கேலம்மாள் உலக்கையோடு வந்தாள். முப்பது வருஷம் கூலிக்கு நெல் குத்தியவள். நொடிக்கு ஒரு குத்து. கூடாது, குறையாது.

“சோத்தைக் கண்டா ஒமக்கு எல்லாம் மறந்துரும், கொழுந்தனாரே. தள்ளும். நானே எறங்குதேன்.”

“மூச்சு முட்டுமே மதினி?”

“நெல்லு குத்தும்போது மட்டும் எவன் மூச்சு விட விட்டான்?”

கடலில் படி இருந்தது. உரலை நான் சுமந்தேன். பெட்டியை மறுபடி இறக்கி, அதன் பக்கத்தில் போட்டேன். புதன் முழுக்கக் குத்தினாள். நிலநடுக்கம் மறுபடி வருவதற்குத் தனி விண்ணப்பம். கொடுத்தேன். நாலு மணிக்கு வந்தது.

வியாழன் காலை பெட்டியைத் தூக்கியதும் மணியோடு ஒத்துப் பார்த்தேன். குத்துகளை எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். நடுக்கம் கரையிலிருந்து முப்பது மைல் தள்ளி, கடலில்தான் விழுந்திருந்தது. பூவலிங்கம் தாளைக் கிழித்தார். டேப்பை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மிக்கேலம்மாள் படியேறி வந்தாள்.

“நாளைக்குப் புதனா?”

“இன்னைக்கு வியாழன், மதினி.”

“நடுவுல ஒண்ணு கெடந்துச்சே, அது எங்க?”

“டேப்ல இருக்கு.”

பூவலிங்கத்திடம் கேட்டேன். பதிவானதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை என்றார்.

“எடுத்தது நீரு,” என்றாள் மிக்கேலம்மாள். “எப்பத் தருவீரு?”

அவளுக்கு நான் ஒரு புதன்கிழமை தர வேண்டும்.