ஐந்தாவது விமானம்

உச்சிவெயிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையில் இரண்டாவது பாட்டில் தண்ணீரையும் கவிழ்த்தாள் மகள். அவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும்ப்பா, வீட்டுக்குப் போகலாம். முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு.”

“நாலு இறங்கிடுச்சும்மா. இன்னும் ஒண்ணு வரணும்.”

“அது வரும்போது வரட்டும். நீங்க என்ன, அதை ஓட்டுறவனுக்கு மாமனாரா?”

“போனதை எண்ணினவன் வர்றதையும் எண்ணணும்.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

கையிலிருந்த விமான சாகச நிகழ்ச்சி நிரலை மடித்து அவருக்கு விசிறினாள். வந்ததிலிருந்து அதற்கு அந்த வேலைதான்.

முப்பத்தொரு வருஷம் விமானப்படையில் இருந்தவர். மருமகன் இதைச் சொல்கிற தோரணையில் கேட்கிறவர்கள் அவரை விமானி என்றே நினைத்துக்கொள்வார்கள். மருமகனும் திருத்துவதில்லை. விமானம் கிளம்புமுன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை உருவுவதுதான் அவர் வேலை. உருவியவன், அந்த விமானம் திரும்பும்வரை இடத்தைவிட்டு நகர மாட்டான். எந்த உத்தரவிலும் இல்லாத சட்டம்; கட்டை உருவுகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவார்கள். மகள் பிறந்த அன்றுகூடக் கடைசி விரலை மடக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

இன்று வலது கையில் நாலு விரல் மடங்கியிருந்தன. பெருவிரல் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

“எதிரிகளின் குலை நடுங்குகிறது!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. எதிரிகள் அந்நேரம் எங்கேயோ நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். நடுங்கியது அப்பாவின் உதடுதான்.

“இடது கை மரத்துப் போச்சும்மா,” என்றார், பஸ்ஸை விட்டுவிட்டோம் என்பதுபோல.

வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கணவனிடம், “அப்பாவைப் பார்த்துக்கோங்க,” என்று கத்திவிட்டு ஓடினாள். முப்பதடி தூரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் பளபளவென்று நின்றது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒருவர் படுத்துக்கொண்டிருக்க, அவர் மனைவி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு நெஞ்சுவலி மாதிரி இருக்குங்க. வண்டியை எடுங்க!”

காவலுக்கு நின்ற சிப்பாய் தர்மசங்கடமாகப் பார்த்தான். “இது காட்சிக்கு வெச்சதும்மா. இதுல இன்ஜின் இல்ல. கழட்டி அந்த மேஜைமேல வெச்சிருக்கோம், பாருங்க.”

இருந்தது. பெயர்ப்பலகையும் மாலையும் போட்டிருந்தார்கள்.

“அப்ப நிஜ வண்டி?”

“சிறப்பு விருந்தினர் கார்களுக்குப் பின்னாடி மாட்டிட்டு நிக்குது. அவர் பேசி முடிச்சாத்தான் பாதையைத் திறப்பாங்க.”

“எப்ப முடிப்பாரு?”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா.”

வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டான். பதிலுக்குக் கரகரப்புதான் வந்தது. “நடக்கவெச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன். வேற வழியில்லம்மா.”

“அஞ்சாவது விமானம் இறங்காம அவர் எழுந்திருக்க மாட்டாருங்க.”

“அது இங்க இறங்காதும்மா. வேற தளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் ஆச்சு. நிகழ்ச்சி நிரல்லயே போட்டிருக்கே.”

அவள் கையைப் பார்த்தாள். மடிப்புக்குள், கடைசி வரியில், பொடி எழுத்தில் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, எழுந்திருங்க. சிறப்பு விருந்தினர் மேடைக்கு வந்துட்டார். எல்லாரும் பார்க்கிறாங்க,” என்று மருமகன் குனிந்து அவர் தோளைத் தொட்டான். தொட்ட கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

அப்பாவின் கண்கள் வானத்தில்தான் இருந்தன. நாலு விரல் மடங்கி, பெருவிரல் நின்றபடி வலது கை மடியில் கிடந்தது.

“சுருக்கமாக இரண்டே வார்த்தை சொல்லி அமர்கிறேன்,” என்று மேடையில் சிறப்பு விருந்தினர் தொண்டையைச் செருமினார்.

மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நிகழ்ச்சி நிரலைப் பழையபடி மடித்து, அப்பாவுக்கு விசிறத் தொடங்கினாள்.