சிஸ்டர் சொன்ன புவேனோ

வடக்குப்பட்டு டிஸ்பென்சரியில் சமையல் என் பொறுப்பு. ஸ்பெயினிலிருந்து வந்த சிஸ்டர் பிலாரும் சிஸ்டர் இனேஸும் சாப்பாட்டு மேசையில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவர்கள் பாஷை எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. மற்றது எப்படியோ போகட்டும், அவர்கள் சம்மதம் சொல்வதில் மட்டும் என்னை ஏமாற்ற முடியாது. மனசார ஒத்துக்கொண்டால் "க்ளாரோ கே சி" என்று பட்டென்று வரும். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டால் "புவேனோ" என்று இழுப்பார்கள். என் மாமியார் "உன் இஷ்டம்" என்பாரே, அது மாதிரி.

எழுபத்து மூன்றாம் வருஷம் சிஸ்டர் இனேஸ் உடம்புக்கு முடியாமல் தன் நாட்டுக்கே திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் அவர்கள் சபையின் பெரிய மதர் ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கினார். ஒரு சிஸ்டர் தனியாக இருக்கக் கூடாதாம். டிஸ்பென்சரியை மூடிவிட்டு சிஸ்டர் பிலார் மெட்ராஸ் மடத்துக்குப் போய்விட வேண்டுமாம்.

என் தங்கை அன்னபுஷ்பம் நிறைமாதமாக இருந்தாள். டிஸ்பென்சரி வருவதற்கு முன்னால், முதல் பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் செங்கல்பட்டுக்குப் போகும் வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். இந்த முறை பிரசவம் பார்க்க சிஸ்டர் பிலார் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் காபி கொண்டுபோனபோது பெரிய மதர் பேசி முடித்திருந்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தபடி "புவேனோ..." என்றார். பெரிய மதருக்கு முகம் மலர்ந்தது. அவருடைய சொந்தப் பாஷைதான், ஆனால் அந்த இழுப்பு அவர் காதில் ஏறவேயில்லை. ஏறியும் ஏறாத மாதிரி இருந்தாரோ, யார் கண்டது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிஸ்டர், நீங்க மனசார சொல்லல."

"நான் இன்னா பண்றது, அருள்மேரி? பெரியவங்க சொன்னா கேக்கணும்." எங்களிடம் தமிழ் கற்றவர், எங்களைப் போலத்தான் பேசுவார்.

"கேளுங்க, யாரு வாணான்னா? ஆனா இங்க இருக்க ஆசை கீதுன்னு அவங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு கேளுங்க."

சிஸ்டர் மறுபடியும் தரையைப் பார்த்தார். நானே பெரிய மதரிடம் திரும்பினேன். சிஸ்டரைக் கையால் காட்டி, "மாத்ரே, புவேனோ சி. க்ளாரோ கே சி, நோ!" என்றேன். சிஸ்டர் சொன்னது புவேனோதான், க்ளாரோ கே சி இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

பெரிய மதர் காபியை அப்படியே வைத்துவிட்டு சிஸ்டரை உற்றுப் பார்த்தார். இங்கேயே இருக்க ஆசையா என்று அவர்கள் பாஷையில் மெதுவாகக் கேட்டார்.

"க்ளாரோ கே சி!" சொன்ன கையோடு சிஸ்டர் அழுதுவிட்டார். எனக்கும் கண் நிறைந்தது.

பெரிய மதர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழில் சொன்னார்: "வேற சிஸ்டர் வர்ற வரைக்கும் ராத்திரியில நீ எனக்குத் துணையா இங்க வந்து படுத்துக்குவியான்னு கேக்குறாங்க."

"க்ளாரோ கே சி" என்றேன்.

வீட்டில் வந்து சொன்னபோது என் மாமியார் "உன் இஷ்டம்..." என்று இழுத்தார். அந்த இழுப்பு என் காதில் ஏறவேயில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்னபுஷ்பத்தின் மகள் அந்த டிஸ்பென்சரியில்தான் பிறந்தாள். அவளை முதலில் கையில் ஏந்தியது சிஸ்டர் பிலார்.