மிஸ்டர் ஸ்மித்தின் மகள்

விசாகா தன் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கோடையிலிருந்தே சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அமெரிக்காவில் அவர்கள் இருக்கும் எடிசனில் பனி விழ ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ என்று கடிதமும் வந்துவிட்டது. விஷயம் மட்டும் தொண்டையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டிருப்பது மெடிக்கல் ஸ்கூல் இல்லை. போடியாட்ரி ஸ்கூல், அதாவது பாதத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கான கல்லூரி. வேறு எங்கேயும் அவள் விண்ணப்பம் போடவே இல்லை. அப்பாவோ ‘இன்டர்வியூ’ என்ற சொல் காதில் விழுந்ததுமே, மீதியைக் கேட்காமல் மைசூர்பாகு வாங்க, நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காரைக் கிளப்பியவர். செவ்வாய்க்கிழமை அவரே ஓட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அந்த வாசலில் கல்லூரியின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அவர் படிப்பதற்குள் இவள் சொல்லியாக வேண்டும்.

காலையில்கூட முயன்றாள்.

“அப்பா, ட்யூஸ்டே பத்தி…”

“ட்யூஸ்டே பத்தி நீ கவலையே படாத. டயருக்குக் காத்து அடிச்சாச்சு” என்றார் பசுபதி.

பசுபதி மன்ஹாட்டனில் ஒரு பேங்கில் புராஜெக்ட் மேனேஜர். எதையாவது புராஜெக்ட் ஆக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. மகள் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து, மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் காட்டுவதற்காக, ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம் தொண்டு செய்தாள், எத்தனை மணி நேரம் டாக்டர் பின்னாலேயே நின்று வேலையைக் கவனித்தாள் என்று கலர் கலராக எக்செல் போட்டு வைத்திருந்தார். எந்த டாக்டர் பின்னால் நின்றாள் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. மணி நேரம் ஏறினால் போதும், மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும்.

இன்டர்வியூ என்றதும் யூடியூபில் உட்கார்ந்தார். இந்தக் காலத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி எல்லாம் கிடையாதாம். அறைக்கு ஒரு ஆள், அறைக்கு ஒரு சிக்கல், மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டுமாம். பார்த்து முடித்த கையோடு வீட்டையே அப்படி மாற்றிவிட்டார். சாப்பாடு என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்த நண்பர்கள் கையில் ஆளுக்கொரு அட்டையைத் திணித்தார். சாப்பாடு உண்டு, ஆனால் புராஜெக்ட் முடிந்த பிறகுதான்.

சமையலறை, கலாவதி ஆன்ட்டிக்கு. பக்கத்து ஊர் ஐசலினில் புடவைக் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள், சிகரெட்டை விட மறுக்கும் நோயாளியாக நடிக்க வேண்டும். கராஜ், பக்கத்துத் தெரு தஸ்தகீர் அங்கிளுக்கு. ஆம்பூர்க்காரர், மளிகைக் கடை முதலாளி. அவர் பரீட்சையில் காப்பியடித்த மாணவன். ஹால், பசுபதிக்கே. அங்கே அவர் மிஸ்டர் ஸ்மித். அவரிடம் ஒரு கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மணிக்கு எங்கே போவது? பூஜை அறையிலிருந்து எடுத்து அம்மா ஜலஜாவின் கையில் கொடுத்தாயிற்று.

ஜலஜா மணியை அடித்தாள். அடித்த கையோடு கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், இது இன்டர்வியூ மணி!” என்று ஹாலிலிருந்து கத்தினார் பசுபதி.

“எனக்குக் கை தானா வருதுங்க. நான் என்ன பண்ணட்டும்?”

சமையலறையில் கலாவதி ஆன்ட்டி அட்டையைத் தூர வைத்துவிட்டார். “இங்க பாரு விசாகா, ஆக்டிங்கா இருந்தாலும் நான் சிகரெட் எல்லாம் பிடிக்க மாட்டேன். ஊர்ல என் மாமியார் காதுல விழுந்தா அவ்ளோதான். காபின்னு வச்சுக்கோ.”

“பட் ஆன்ட்டி, காபி ஈஸ் நாட் தட் பேட்.”

“அப்புறம் எதுக்கு என்னை விடச் சொல்ற?”

விசாகா தூரப் போன அட்டையை எடுத்துப் புரட்டினாள். ஜெயித்த சந்தோஷத்தில் ஆன்ட்டி இரண்டு டம்ளர் காபி கலந்து, ஒன்றை அவளுக்கும் கொடுத்தார்.

கராஜில் தஸ்தகீர் அங்கிள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, குற்றவாளி மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தார். “ஆமாம்மா, காப்பியடிச்சிட்டேன். நீ யாருகிட்டயும் சொல்லிராத.”

“அங்கிள், ஹானஸ்டி ஈஸ்…”

“அது கெடக்கட்டும் மா. மாட்டிக்கறதகூடத் தாங்கிரலாம். வீட்ல இருக்கறவங்ககிட்ட மறைச்சு வச்சிருக்கறது இருக்கே, அதுதான் தாங்காது. ஒரு வாய் சோறு எறங்காது. பெத்த அத்தா மூஞ்சிய எப்படிம்மா பாக்குறது?”

அவர் பாவம், காப்பியடித்த பையனுக்காகத்தான் உருகினார். விசாகாவுக்கோ தன் வயிற்றுக்குள் புகுந்து பார்த்துவிட்டுப் பேசுகிறாரோ என்று தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மணி அடித்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று ஹாலுக்கு நடந்தாள்.

ஹாலில் பசுபதி டீ-ஷர்ட்டுக்கு மேல் டை கட்டிக்கொண்டு சோபாவில் வீற்றிருந்தார். திருச்சியில் படிக்கும்போது காலேஜ் நாடகத்தில் போலீஸ்காரராக வந்து ‘ஸ்டேஷனுக்கு நட’ என்று ஒரே வசனம் பேசியவர். அன்று கிடைக்காத கைத்தட்டலை இன்று வாங்காமல் விடுவதில்லை என்ற முடிவோடு இருந்தார். தங்கள் வேலை முடிந்துவிட்டதால் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

“ஹலோ மிஸ்டர் ஸ்மித்.”

“ஹலோ டாக்டர்” என்றார் பசுபதி, மூக்கால். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்ததில் அமெரிக்கர்களைப் பற்றி அவர் கண்டுபிடித்தது அந்த மூக்கு ஒன்றுதான்.

ஸ்மித்தின் ரத்தப் பரிசோதனை சரியில்லை என்று அட்டையில் இருந்தது. விசாகா அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“உங்க ரிப்போர்ட் பத்தி இல்ல. உங்க பொண்ணப் பத்தி.”

ஸ்மித் கொஞ்சம் தடுமாறினார். அட்டையின்படி அவருக்குப் பெண்ணே கிடையாது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, “மை டாட்டர்? வாட் ஹேப்பண்ட்?” என்றார்.

விசாகா எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். பயந்தால் மட்டும் தமிழ் வரும். இப்போது மளமளவென்று வந்தது.

“அவ மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணவே இல்ல. போடியாட்ரிக்குத்தான் பண்ணியிருக்கா. கால் டாக்டர். உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு, அதான் சொல்லல.”

“ஓ மை காட்!” ஸ்மித் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். கலாவதி ஆன்ட்டி கைதட்டினார். அதில் தெம்பாகி ஸ்மித் மறுபடி நிமிர்ந்தார். “கால் மட்டுமா, டாக்டர்?”

“கணுக்கால் வரைக்கும்.”

“ஏன், என் பொண்ணால முழங்கால் வரைக்கும்கூட ஏற முடியாதா?”

தஸ்தகீர் அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விசாகா நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

“முடியும். ஆனா அவளுக்கு இதான் பிடிச்சிருக்கு. போன சம்மர் கால் டாக்டர் ஒருத்தர்கிட்ட போய் நின்னா. லெட்டர் டெலிவர் பண்ற லேடி ஒருத்தங்க செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. டாக்டர் கீழ உக்காந்து, அவங்க காலை மடியில எடுத்து வச்சுக்கிட்டு என்னவோ பண்ணினார். போகும்போது அவங்க கையை வீசிக்கிட்டு நடந்து போனாங்க, சிரிச்சுக்கிட்டே. உங்க பொண்ணு அதுக்கு முன்னாடி எத்தனையோ டாக்டர் பின்னாடி நின்னிருக்கா. அன்னிக்கு ஒருநாள்தான் அவளுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல.”

பசுபதி யோசித்தார். ஓர் அமெரிக்க அப்பா இந்த இடத்தில் என்ன சொல்வார்? எழுந்து, கையை அகல விரித்தார். “டாக்டர், அவளுக்குப் பிடிச்சதைப் படிக்கட்டும். ஹர் ஹேப்பினஸ் ஈஸ் மை ஹேப்பினஸ். ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் ஹர்!”

விசாகாவின் கண் நிரம்பிவிட்டது. ஹாலே கைதட்டியது. ஜலஜா மட்டும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்க மறந்து, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்துக்குப் பத்து!” என்றார் பசுபதி டையைத் தளர்த்தியபடி. “அந்தக் கண்ணீர் யாருக்கு வரும்? பின்னிட்டா!”

“ப்பா, நான் ஆக்ட் பண்ணல.”

“அதேதான்! ஆக்ட் பண்ற மாதிரியே தெரியல.”

“ப்பா. நிஜமாவே கால் டாக்டர் காலேஜ்தான். ட்யூஸ்டே.”

கைத்தட்டல் அங்கங்கே நின்றது. பசுபதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், யாராவது சிரிப்பார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை.

“இப்பதான ப்ரவுட்னு சொன்னீங்க” என்றாள் விசாகா.

“அது ஸ்மித் சொன்னது!”

“நல்ல மனுஷன் அந்த ஸ்மித்து” என்று தஸ்தகீர் அங்கிள் முணுமுணுத்தார்.

“ஸ்மித் வேற, நான் வேற! யார் காலையும் பிடிக்காம இந்த நாட்டுக்கு வந்து தலை நிமிர்ந்து நின்னவன் நான். என் பொண்ணு ஊர்ல இருக்கறவன் காலையெல்லாம் பிடிக்கணுமா?” பசுபதி ஜன்னலோர நாற்காலியில் போய், கையைக் கட்டிக்கொண்டு, வெளியே பனியை முறைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் தஸ்தகீர் அங்கிள்தான் தொண்டையைக் கனைத்தார்.

“ஏம்மா, காலைல கட்டில விட்டு எறங்குனா குதிங்கால்ல ஊசி குத்துற மாதிரி இருக்கு. அது இந்த டிபார்ட்மென்ட்தானா?”

“நான் இன்னும் டாக்டர் இல்ல, அங்கிள்.”

“தெரியும்மா. சும்மா பாரேன்.” அங்கிள் சாக்ஸைக் கழற்றிவிட்டார்.

அவ்வளவுதான். நாள் பூராவும் கடையில் நிற்கும் கலாவதி ஆன்ட்டியும் கழற்றினார். நடுவிரலில் ஏதோ தடித்திருக்கிறது என்று ஜலஜாவும் வரிசையில் சேர்ந்தாள். விசாகா தரையில் உட்கார்ந்து, அங்கிளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே வலிக்கிறதா, கடையில் தரை சிமென்டா, என்ன செருப்பு, அது வாங்கி எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சமையலறையிலும் கராஜிலும் திணறிய பெண்ணா இது என்று இருந்தது. எல்லோரிடமும் கடைசியில், அவசியம் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றே சொன்னாள். பசுபதி பனியைப் பார்க்கும் சாக்கில் ஓரக்கண்ணால் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்களும் காட்டுங்களேன்” என்றாள் ஜலஜா. “டிரெயின் ஸ்டேஷன் படியில நொண்டி நொண்டி எறங்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

விசாகா எழுந்து போனாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காலைத்தான் பார்த்தாள். குனிந்து இரண்டு பாதத்தையும் தொட்டாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும், பிறந்தநாளுக்கும், ஒவ்வொரு பரீட்சைக்குக் கிளம்பும்போதும் அவள் தொட்ட கால் அது. அவள் தொட்டால் அடுத்து என்ன என்று அந்த உடம்புக்குத் தெரியும்; அது பசுபதியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கட்டியிருந்த கை தானாகப் பிரிந்து அவள் தலையில் போய் உட்கார்ந்தது. “நல்லா இரும்மா. நீ நெனச்சதெல்லாம் நடக்கும்” என்று வாயும் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஹாலில் எல்லோருக்கும் விழுந்தது.

“இப்ப சொன்னது யாரு, ஸ்மித்தா?” என்று மெதுவாகக் கேட்டார் தஸ்தகீர் அங்கிள்.

பசுபதி அவரை ஒரு முறை முறைத்தார். கையை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

“நான்தான்யா” என்றார். பிறகு மகளிடம் காலை நீட்டினார். “இடது கால். மெதுவாப் புடிம்மா, தொட்டாலே உயிர் போகுது.”