கேசட்டில் இரைந்த கடல்

மூன்று வருடம் ஓர் ஊரில் இருந்தவள் அந்த ஊரைப் பார்க்காமலே திரும்பி வந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? யாராவது என்னிடம் வந்து சொன்னால் நானே நம்பமாட்டேன். அவர் மட்டும் எப்படி நம்புவார்?

தேநீருக்குச் சீனி போட்டபடி கோணேஸ்வரி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவளுடைய கணவன் குலசிங்கம் பழைய டேப் ரெக்கோடரைத் துடைத்து மேசை நடுவில் வைக்கும் சத்தம் கேட்டது. நவம்பர் மாதத்து ஞாயிறு. நாலு மணிக்கே வெளிச்சம் செத்துவிட்டிருந்தது. யன்னலுக்குக் கீழே கார்த் தரிப்பிடத்தில் முதல் பனி விழுந்து, கரைந்து, சேறாகிக் கிடந்தது.

அஜக்ஸ் நகரிலிருந்து மச்சாள் யோகமலர் வந்திருந்தாள். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்த கதையைக் கோட்டைக் கழற்ற முன்னமே சொல்லி முடித்துவிட்டாள். டிக்கெட் போடுகிற அருள்நாயகமும் வந்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு எல்லோரும் மெட்ராசில் இருக்கும் மாமியைப் பார்க்கப் போகிறார்கள். லண்டனில் விமானம் மாறி நேரே போவதென்றால் ஒரு தொல்லையும் இல்லை. குலசிங்கம்தான் வழியில் துபாயில் நாலு நாள் தங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"கோணேஸ், தேத்தண்ணியை விட்டிட்டு வாரும். அருள் அண்ணைக்குக் கேசட்டைப் போட்டுக் காட்டப்போறன்."

"உந்தக் கேசட்டை இன்னும் எறியேல்லையே நீ?" யோகமலர் சிரித்தாள். "என்ர தம்பி சாதகம் பாக்கேல்லை அண்ணை, போட்டோவும் பாக்கேல்லை. குரலைக் கேட்டே விழுந்து போனான். நாங்கள் யாழ்ப்பாணத்தில பாத்து வச்ச பெட்டையள் எல்லாருக்கும் குரல் இல்லாமல் போச்சு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கோணேஸ்வரி திருகோணமலையிலிருந்து வீட்டு வேலைக்குத் துபாய் போனவள். அவளுடைய அண்ணன் ஸ்ரீதரனும் குலசிங்கமும் அந்த நாட்களில் ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அண்ணனுக்கு அவள் கேசட்டில் பேசி அனுப்புவாள். அண்ணன் மொன்றியலுக்குப் போனபோது கேசட்டுகள் குலசிங்கத்திடம் தங்கிவிட்டன. பிறகு அந்தக் குரலையும் அவன் கலியாணம் பேசிக் கூப்பிட்டுக்கொண்டான்.

அவன் பொத்தானை அழுத்தினான்.

"அண்ணா, நான் சுகம். வெள்ளிக்கிழமையில எங்களுக்கு லீவு. நேற்றுக் கழிமுகத்துக்குப் போனனான். சின்னச் சின்ன வள்ளத்தில ஆக்களை அக்கரைக்கு ஏத்தி இறக்குறாங்கள். அக்கரையில நகைக் கடைத் தெரு. முழுக்கப் பவுண். பாத்தால் கண் கூசும் அண்ணா..."

இளம் குரல். துள்ளுகிற குரல். இது எந்தப் பெண், இவளுக்கு எதற்கு இவ்வளவு சந்தோசம் என்று கோணேஸ்வரி யோசித்தாள்.

"கேளுங்கோ, பின்னால ஒரு சத்தம் வரும்." குலசிங்கம் விரலைத் தூக்கினான். குரலுக்கு அடியில் ஏதோ ஒன்று பொங்கி, புரண்டு, அடங்கி, மறுபடி பொங்கியது. "கடல். கரையில நிண்டு கதைச்சிருக்கிறா."

அது வாஷிங் மெஷின்.

அவள் வேலை செய்த, வெள்ளை மதில் சூழ்ந்த வீட்டின் பின்பக்கத்தில், யன்னல் இல்லாத களஞ்சிய அறையில் அது நின்றது. வேலைக்காரி தனியே கதைத்தால் எசமானிக்குப் பிடிக்காது. மெஷின் ஓடும் நேரத்தில்தான் ரெக்கோடரைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசுவாள். அழுக்குத் தண்ணீர் வடிகிறபோது அலை பின்வாங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இத்தனை வருடம் கழித்தும் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். இப்போது அலசுகிறது. இனிப் பிழியும். பிழியத் தொடங்கினால் பேச்சை முடித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமையில் அவளுக்கு லீவு இருந்ததில்லை. வெள்ளிக்கிழமையில்தான் விருந்தாளிகள் வருவார்கள். கழிமுகமும் வள்ளமும் நகைக் கடைத் தெருவும் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்தன. மலையாளி டிரைவர் ஒருவர் நகைக்கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மாதத்துக்கு ஒரு படம். காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகள், ஒட்டக ஓட்டம், சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், மாலை வெயிலில் சிவந்த மணல் மேடு. அறுபது நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கத்தையும் எதையாவது சொல்லி நிரப்பவேண்டும். சட்டி கழுவினேன், பிள்ளைக்கு மலம் துடைத்தேன் என்று எத்தனை தரம் சொல்வது? அந்த மாதத்துப் படத்துக்குள் ஏறி நின்றுகொண்டு பேசினாள். அவ்வளவுதான்.

பாலைவனத்துக்கு மட்டும் உண்மையாகவே ஒருதரம் போனாள். வீட்டுக்காரர்கள் கூடாரம் அடித்து இறைச்சி சுட்டார்கள். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவளைக் கண்ணாடி மூடிய காருக்குள் பிள்ளையோடு இருக்கச் சொன்னார்கள். கண்ணாடியில் மணல் வந்து வந்து உரசியது. அதைப் பற்றி அவள் எந்தக் கேசட்டிலும் சொல்லவில்லை.

"மணிக்கூட்டுக் கோபுரத்தடியில நிண்டு கடலைப் பாத்தன் எண்டு சொல்லுறா," அருள்நாயகம் தலையைச் சொறிந்தார். "அது கடலுக்குக் கொஞ்சம் தள்ளியெல்லே இருக்குது? அங்கயிருந்து தெரியாதே."

கலண்டரில் கோபுரமும் கடலும் அடுத்தடுத்த மாதத்துப் படங்கள்.

"சும்மா போங்கோ அண்ணை. நீங்கள் எயர்போட்டில இருந்துதானே துபாய் பாத்தனீங்கள். இவ மூண்டு வருசம் நிண்டவ," என்றான் குலசிங்கம். அவன் முகம் மலர்ந்திருந்தது. கோணேஸ்வரிக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மகள் சாம்பவி தரையில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "அம்மா, கமல் ரைட் போனீங்களா? ரியலி? ஹவ் வாஸ் இட்?"

"ஒட்டகம் உயரமா இருந்தது," என்றாள் கோணேஸ்வரி.

சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! கொஞ்சமும் தடங்கவில்லை. இனி நாலு நாளும் இப்படித்தான். இந்த வள்ளத்திலேதானா ஏறினீர், எந்தக் கடையில் நின்று பார்த்தீர், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று அவன் கேட்பான். அவள் அந்தத் தெருக்களிலேயே பொய்யைச் சொல்லிக்கொண்டு, முன்னே கை காட்டி நடக்கவேண்டும். எங்காவது ஒரு வெள்ளை மதில் வரும். அப்போது கால் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். கலியாணம் முடிந்த முதல் குளிர்காலத்திலேயே சொல்லியிருக்கலாம். அவன்தான் முந்திக்கொண்டான். "றெஸ்ரோரண்டில கோப்பை கழுவிக் கை தோல் உரிஞ்சு போகும் கோணேஸ். பேஸ்மென்றுக்கு வந்து உம்மட கடலைக் கேட்டாத்தான் நித்திரை வரும்." அவள் தன் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் கைகளும் அதே வருடங்களில் உரிந்தவைதான். சொல் தொண்டைவரை வந்தது. அவன் நித்திரையாகிவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல்லின்மேல் வந்து படிந்தது.

டேப்பில் மெஷின் பிழியத் தொடங்கியது. "சரி அண்ணா, வைக்கிறன்," என்றது அந்தப் பெண்ணின் குரல், அவசரமாக.

"காத்து எழும்பிட்டுது, அதுதான்," என்று விளக்கம் சொல்லி நிறுத்தினான் குலசிங்கம். "இப்ப நீரே சொல்லும். முதல் நாள் எங்க போவம்? வள்ளமோ, மணல் மேடோ? அண்ணை, இவ சொல்லுற மாதிரியே போட்டுவிடுங்கோ. கைட் ஒருத்தரும் வேண்டாம்."

"பேரைச் சொல்லுங்கோ. இண்டைக்கே சீற்றைப் பிடிச்சு வச்சிடுறன்," என்றார் அருள்நாயகம்.

கலண்டர் பொய் சொல்லவில்லை என்று கோணேஸ்வரி நினைத்தாள். வள்ளம் அங்கே ஓடும். பவுண் தெரு கண் கூசும். மணல் மாலையில் சிவக்கும். அவர் தனியே போனால் எல்லாம் அப்படியே இருக்கும். நான் பக்கத்தில் நடந்தால்தான் அது பொய்யாகும்.

"என்ர பேரைத் துபாய்க்குப் போடாதேங்கோ அண்ணை," என்றாள். "நான் லண்டனில இருந்து நேர மெட்ராசுக்குப் போறன். பிள்ளை இவரோட வரட்டும்."

குலசிங்கம் டேப் ரெக்கோடரிலிருந்து கையை எடுத்தான்.

"ஏனப்பா? என்ன பகிடியே?"

"இல்லை."

"அங்க ஆரையும் காணப் பயமோ?" யோகமலர் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் கேள்வி அறையை விட்டுப் போகவில்லை. அருள்நாயகம் பேனாவைப் பார்த்தார். குலசிங்கம் தமக்கையைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இதற்கு முன் அவள் காணாத ஒன்று இருந்தது.

மறுத்து ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கினால் மதிலும் மெஷினும் காரும் வரிசையாக வெளியே வரும். கடைசியில் அவனை நித்திரையாக்கிய அந்தக் கடலும் வரும். நினைக்கிறதை நினைக்கட்டும்.

"நீர் இல்லாமல் நான் அங்க போய் என்னத்தைப் பாக்கிறது?" என்றான் குலசிங்கம்.

"கேசட்டில சொல்லியிருக்கிறன்தானே." அவள் ஆறிப்போன தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். "எல்லாம் அங்கதான் இருக்கும். போய்ப் பாத்திட்டு வாங்கோ. நான் அங்க இறங்கேல்லை."